தகரப் பெட்டிக்குள் பறந்த ஓடம்

எனக்கு முதலில் வேலை கிடைத்த பள்ளிக்கூடம், திருமானூருக்கும் திருமழபாடிக்கும் நடுவே கொள்ளிடக் கரையை ஒட்டிய ஓர் ஊரில் இருந்தது. கீற்றுக் கொட்டகை. ஒரே ஆசிரியர், அது நான். சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போன பிறகு வந்த பஞ்சகாலம். அரிசிக்கும் துணிக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். பள்ளிக்கூடத்துக்கு மட்டும் வரிசை இல்லை.

வந்த பிள்ளைகளும் வாய் திறக்க மாட்டார்கள். ஆத்திசூடியை ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். ‘நேற்று என்னடா செய்தாய்’ என்று கேட்டால் தரையைப் பார்ப்பார்கள். அந்த ஊமைத்தனம் எனக்குத் தெரிந்ததுதான். மாடு மேய்த்துப் பிழைத்த எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். வாத்தியார் ஏதாவது கேட்டால் முதுகில் அடி விழப்போகிறது என்றே என் உடம்பு நினைத்துக்கொள்ளும். இந்தப் பிள்ளைகளை எப்படியாவது பேசவைத்துவிட வேண்டும் என்று அந்த வயதில் எனக்கு ஒரு வெறி இருந்தது.

திருச்சியில் ஆசிரியர் பயிற்சியில் இருந்தபோது ஒரு கொட்டகையில் பெரிய படத்துக்கு முன்னால் ஒரு சின்னப் பொம்மைப் படம் போட்டார்கள். வெறும் கோடுகளால் வரைந்த ஒரு பன்றிக்குட்டி எழுந்து நடந்தது, வழுக்கி விழுந்தது, கோபப்பட்டது. பெரிய படத்தின் கதை எனக்கு மறந்துவிட்டது. பன்றிக்குட்டி மறக்கவில்லை. பக்கத்தில் இருந்த கிழவர் ஒருவர் அதோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்ததும் மறக்கவில்லை.

அரியலூர் கடைவீதியில் ஒரு மளிகைக்காரர். அவரிடம் பொட்டலம் கட்டுவதற்கென்று ஒரு கட்டு பழைய தாள் கிடந்தது. திருச்சிப் பட்டாளக் கூடாரத்திலிருந்து எடைக்கு வந்தது என்றார். அதற்குள்தான் அந்த இங்கிலீஷ் படக்கதைப் புத்தகம் இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் கட்டம் கட்டமாக வண்ணப் படங்கள்.

“இது எனக்கு வேணுங்க” என்றேன்.

“எதுக்கு, படிக்கவா? இதுல எழுத்து எங்க இருக்கு? எவன் வாயத் தொறந்தாலும் பொக பொகயால்ல வருது!” என்று ஒரு கட்டத்தைக் காட்டினார். பேச்சை எழுதுவதற்காகப் போட்டிருந்த வளையங்களை அவர் சுருட்டுப் புகை என்று நினைத்துவிட்டார். “எடுத்துட்டுப் போங்க. கடைசியில நாலஞ்சு தாளு நேத்தே மொளகு கட்டிக் குடுத்துட்டேன், அத மட்டும் கேக்காதீங்க.”

கதை ஓர் ஓடக்காரனைப் பற்றியது. பருத்த ஆள், பெரிய மீசை, ஒரு நாய். அவனுடைய ஓடத்துக்கு இறக்கை முளைக்கிறது. கடலுக்கு மேலே தீவு தீவாகப் பறந்து போகிறான். என் இங்கிலீஷுக்கு அந்தக் கதை பாதிதான் பிடிபட்டது. மீதியை நானே இட்டுக்கட்டினேன்.

ஒரு பிஸ்கோத்து டின்னை எடுத்துக்கொண்டு முன்னால் ஒரு கண் அளவுக்குத் துளை போட்டேன். எண்ணெய்த் தாளை நீள நீளமாக ஒட்டி, படங்களைப் பெரிதாக வரைந்து, இரண்டு மூங்கில் குச்சிகளில் சுற்றினேன். குச்சியைத் திருகினால் ஒரு பக்கம் அவிழ்ந்து மறுபக்கம் சுற்றிக்கொள்ளும். ஓடத்தின் இறக்கையைத் தனித்தாளில் வெட்டி நூல் கட்டினேன்; சுண்டினால் அடித்துக்கொள்ளும். பின்பக்கத் திறப்பில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்பிவிட்டால் படம் ஒளிரும். தகரம் மின்னிக் கண் கூசியதால், உள்ளே முழுக்க விளக்குக் கரியை ஆமணக்கெண்ணெயில் குழைத்துப் பூசினேன்.

கோட்டுப் போட்ட வெள்ளைக்கார ஓடக்காரனைப் பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? படத்தில் அவன் சட்டையைக் கழற்றினேன். தொப்பியை எடுத்துவிட்டுக் கட்டம் போட்ட துண்டால் முண்டாசு கட்டினேன். மீசையை மட்டும் அப்படியே விட்டுவைத்தேன், நன்றாக வந்திருந்தது.

வெள்ளிக்கிழமை தோறும் ஒரு பகுதி. துளையில் ஒருவர்தான் பார்க்க முடியும். பார்க்கிறவர் பார்ப்பதை மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும், அதுதான் பாடம். என் வெறிக்கு இதைவிட நல்ல தீனி கிடைத்திருக்காது.

“ஓடம் கெளம்பிருச்சுடா! றெக்க அடிக்குது!”

“நாயி?”

“நாயி பின்னால குந்திக்கிட்டு வாந்தி எடுக்குது.”

“பொய்யி. வாத்தியாரு அப்புடில்லாம் எழுத மாட்டாரு.”

“நீ பாக்கறப்ப ஒன் நாய ஒழுங்கா வச்சுக்க. எனக்கு வாந்திதான் எடுக்குது.”

நான் வரையாததை எல்லாம் அவர்கள் பார்த்தார்கள். நான் தடுக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு பேசினார்கள். மாடு மேய்க்கப் போகிறவர்கள்கூட வெள்ளிக்கிழமை மாட்டை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு வந்தார்கள்.

அதில் ஒரு பெண்பிள்ளை. எட்டு, ஒன்பது வயதிருக்கும். அவள் அப்பா, அவள் தவழும் பருவத்தில் மலேயா ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். இடையில் ஒரு தடவை வந்து தலைகாட்டிவிட்டுப் போயிருக்கிறார். சிங்கப்பூர் விழுந்ததிலிருந்து கடிதாசி இல்லை, ஆளும் இல்லை. அம்மா வயல்வேலைக்குப் போய்க்கொண்டு, கணவனுடைய அண்ணன் வீட்டில் ஒரு பக்கமாக இருந்தார். அந்தப் பெண் எல்லாரும் பார்த்த பிறகு கடைசியாகத்தான் துளைக்கு வருவாள். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய் உட்கார்ந்துகொள்வாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் கண்ணை எடுக்கவே இல்லை. பின்னால் நின்றவர்கள் சட்டையைப் பிடித்து இழுத்தும் நகரவில்லை. பிறகு சொன்னாள்:

“எங்கப்பா வராரு.”

“எங்கடி?”

“தண்ணிக்கு மேல. இந்தப் பக்கமாதான் திரும்பியிருக்காரு.”

“அது ஓடக்காரன்டி கிறுக்கி!”

“எங்கப்பாதான். துண்டு கட்டியிருக்காரு பாரு.”

அவள் முதன்முதலாகப் பேசிவிட்டாள் என்று நான் மகிழ்ந்துபோனேன். மற்ற பிள்ளைகள் மட்டும் திடீரென்று அமைதியாகிவிட்டார்கள். அந்த அமைதியின் காரணம் எனக்கு அடுத்த வாரம்தான் புரிந்தது.

எங்கள் பக்கத்தில் ஆடு தொலைந்தாலும் ஆள் தொலைந்தாலும் மை போட்டுப் பார்ப்பது வழக்கம். விளக்குக் கரியை ஆமணக்கெண்ணெயில் குழைத்து, ஏதேதோ வேரைச் சேர்த்து, வெற்றிலையில் தடவுவார்கள். வயதுக்கு வராத ஒரு பிள்ளையை உட்காரவைத்து அந்தக் கறுப்பையே உற்றுப் பார்க்கச் சொல்வார்கள். கறுப்புக்குள் முதலில் ஒருவன் வந்து பெருக்குவான், இன்னொருவன் தண்ணீர் தெளிப்பான், பிறகு தொலைந்தது தெரியும். பிள்ளை பார்த்துப் பார்த்துச் சொல்லும், சுற்றி இருக்கிறவர்கள் கேட்டுக்கொள்வார்கள். எண்ணெய், கரி, கறுப்பு, அசையும் உருவம், பார்த்துச் சொல்லும் பிள்ளை, எல்லாமே என் பெட்டியிலும் இருந்தன. வெள்ளிக்கிழமைகூட மை போடுகிற நாள்தான்; நான் அதைத் தேர்ந்தெடுத்ததோ வாரக் கடைசிக்குப் பக்கம் என்று.

வாத்தியார் மை போடுகிறார் என்று ஊரில் பரவிவிட்டது.

முதலில் ஓர் ஆட்டுக்காரம்மா வந்தார். “பொட்டக்குட்டி ஒண்ணக் காணும் வாத்தியாரே, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க.” நான் மூடியைத் திறந்து, தாளையும் நூலையும் வெளியில் எடுத்து, இறக்கையைச் சுண்டியே காட்டினேன். எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இன்னக்கி செவ்வாக்கெழமல்ல, அதான் ஒண்ணும் தெரியல. வெள்ளிக்கெழம வரேன்.”

அவர் போனபின் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அன்று சாயங்காலத்தோடு சரி. வேலை முடிந்து சேறு காயாத காலோடு அந்தப் பெண்ணின் அம்மா கொட்டகை வாசலில் வந்து நின்றார்.

“எம்பொண்ணு பாத்தது நெசமா சார்?”

“அது நான் எழுதின படம்மா. ஓடக்காரன் படம்.”

“ஆளு அவருதானாம். சொல்றதையே சொல்லிக்கிட்டிருக்கு.” காலில் ஒட்டிய சேற்றை வாசல் புல்லில் தேய்த்தார். “எங்க மூத்தாரு இந்த ஆடிக்குள்ள அவருக்குக் காரியம் பண்ணிடணும்னு நிக்கிறாரு சார். மூத்தாரு வூட்டுச் சின்னப்புள்ளைக்குச் சொகமில்ல, ரெண்டு மாடு செத்துப்போச்சு. எல்லாம் காரியம் பண்ணாத ஆவி பண்ற வேலன்னு சொல்றாங்க. பண்ணிட்டா நான் தாலியக் கழட்டணும். பொட்டப்புள்ளய வச்சுக்கிட்டு அந்த வூட்ல எனக்கு என்ன பாத்தியத? இது கழுத்துல கெடக்கறமட்டும்தான் அங்க ஒரு மூல.”

கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தேன்.

“நீங்க ஆமான்னு ஒரு வார்த்த சொன்னா, வர்ற தையி வரைக்குமாவது நிறுத்தி வைப்பாரு சார்.”

“படத்தப் பாத்து நான் எப்படிம்மா ஆமான்னு சொல்றது?”

“தெரியாதுன்னாவது சொல்லுங்க. இல்லன்னு மட்டும் சொல்லிடாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை, பிள்ளைகள் கூடியிருந்த நேரம் பார்த்து அந்தப் பெண்ணின் பெரியப்பா உறவுக்காரர் ஒருவரை அழைத்துக்கொண்டு வந்தார். பின்னால் அந்த அம்மாவும் வந்து கீற்றுத் தட்டியோரம் நின்றார். பெரியப்பா கெட்ட மனிதர் இல்லை. தம்பியைத் தூக்கி வளர்த்தவர். பேச்சைத் தொடங்கும்போதே குரல் கரகரத்தது.

“வாத்தியாரே, ஒரே கேள்வி. எந்தம்பி இதுல தெரிஞ்சானா, இல்லியா?”

“இது படங்க. பென்சிலால நான் எழுதினது. இங்க பாருங்க.”

தாள் சுருளை முழுக்க அவிழ்த்துத் தரையில் பரப்பினேன். ஓடம், நாய், தீவு, மீசைக்காரன். உண்மையைக் கண்ணெதிரே விரித்துப் போட்டுவிட்டால் குழப்பம் தீர்ந்துவிடும் என்று நம்பினேன். அவர் குந்தி உட்கார்ந்து மீசைக்காரனையே பார்த்தார்.

“நீங்க எந்தம்பியப் பாத்திருக்கீங்களா?”

“இல்லீங்க. நான் இந்த ஊருக்கு வந்ததே போன வருசம்.”

“அப்புறம் எப்படிங்க இவன் வந்தான்? மீச அப்படியே அவனுதா இருக்கு.” உறவுக்காரரைப் பார்த்தார். “நீயே பாரு மாப்ள.”

உறவுக்காரரும் குனிந்து பார்த்துவிட்டு, “ஆமாம், இவன்தான்” என்றார். தட்டியோரம் நின்ற அம்மாவின் முகத்தில், நான் பார்த்த காலத்தில் முதலும் கடைசியுமாக, ஒரு தெளிவு வந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். எதைச் சொன்னாலும் அது கலைந்துவிடும் போலிருந்தது.

உறவுக்காரர் நிறுத்தவில்லை. “ஆளு வந்தது சரி. உசுரோட வந்தானா, எப்படி வந்தான்? புள்ள என்ன சொல்லிச்சு, தண்ணிக்கு மேல வராருன்னுதான? பறந்துதான வரான்? மனுசன் எவன் பறப்பான்?”

பெரியப்பா மெல்லத் திரும்பி அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார். “இங்க வா பாப்பா. பயப்படாத. அப்பாவப் பாத்தில்ல, காலு தெரிஞ்சுதா?”

அவள் யோசித்தாள். நல்ல பிள்ளை. துளைவழியே பார்த்ததைப் பார்த்தபடி சொல்ல வேண்டும் என்று நான்தான் வாரா வாரம் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

“இல்ல பெரியப்பா. காலு தெரியல.”

ஆவிக்குக் கால் கிடையாது என்பது எங்கள் ஊர்களில் தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். தட்டியோரம் நின்ற அம்மா முந்தானையால் கழுத்தை மூடிக்கொண்டார்.

“ஓடத்துக்குள்ள நிக்கிறாருங்க!” என்று நான் கத்தினேன். “பலகை மறைக்குது. கால் அந்தப் பக்கம் இருக்கு. இருங்க, நான் எழுதிக் காட்டுறேன்” என்று பென்சிலை எடுத்தேன்.

“வேணாம் சார்” என்றார் பெரியப்பா. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

உறவுக்காரர்தான் சொன்னார்: “ஒங்கப்பன் மாடு மேச்சாரு. நீங்க நாலெழுத்து படிச்சுட்டு மனுசன மேய்க்கப் பாக்குறீங்க. செத்தவனுக்குக் கால் வச்சு அனுப்புற அளவுக்குப் படிச்சிட்டீங்களோ?”

இருந்தும் நான் எழுதினேன். அந்த வாரம் முழுக்க வேறு வேலை செய்யவில்லை. புத்தகத்தில் அந்த இடத்தில் ஓடம் இன்னொரு தீவுக்குப் போகிறது. நான் அதை விட்டுவிட்டு, ஓடத்தைக் கொள்ளிடத்து மணலில் இறக்கினேன். ஓடக்காரன் குதித்து நடக்கிறான். நூல் கட்டிய இரண்டு கால்கள், பாதம், ஐந்து ஐந்து விரல். மணலில் காலடித்தடம்கூடப் போட்டேன். வெள்ளிக்கிழமை பிள்ளைகள் பார்த்துவிட்டு, “எறங்கிட்டான்! நடக்குறான்!” என்று கூச்சல் போட்டார்கள். அந்தப் பெண் துளையில் கண்ணை வைத்தாள். எடுத்தாள். வீட்டைப் பார்த்து ஓடினாள்.

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள்.

“காலு இருக்குன்னு சொன்னேன் சார். நாளு குறிச்சாச்சாம். அப்புறம் தெரியிற காலு செல்லாதாம்.”

திருமழபாடி ஆற்றங்கரையில் காரியம் நடந்தது. நானும் போய்த் தள்ளி நின்றேன். உடம்பு இல்லாததால் தர்ப்பையில் ஆள் மாதிரி ஓர் உரு கட்டியிருந்தார்கள், தலை, கை, கால் எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. பெரியப்பா அழுதுகொண்டே கொள்ளி வைத்தார். அதற்கு முன் அந்த அம்மாவின் கையைப் பிடித்து உருவின் வாய் இருக்க வேண்டிய இடத்தில் அரிசி போடவைத்தார்கள். அவர் அழவில்லை. யாரோ சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகச் செய்தார். தாலி கழற்றப் பெண்கள் அவரை ஆற்றோரம் அழைத்துப்போனபோது நான் கிளம்பிவிட்டேன்.

சில நாளிலேயே தாயும் மகளும் உடையார்பாளையம் பக்கத்தில் இருந்த தாய்வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். பெரியப்பா வீட்டுப் பிள்ளைக்குச் சுகம் ஆகவில்லை. அவன் அந்த மாரியிலேயே போய்விட்டான். அதற்கு எந்த ஆவியைச் சொன்னார்கள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

பெட்டியைத் தொடர்ந்து நடத்தினேன். நிறுத்தினால் பிள்ளைகள் வரமாட்டார்கள். ஆனால் அவர்கள் இப்போது வரைந்ததை மட்டுமே சொன்னார்கள். நாய் வாந்தி எடுக்கவில்லை. யாராவது துளைக்குள் கூடுதலாக ஒன்றைப் பார்த்துச் சொன்னால், வீட்டில் அடி விழுந்தது. புத்தகத்தின் பக்கங்கள் தீர்ந்த இடத்தில் கதை நின்றது. அடுத்தது என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை.

சண்டை முடிந்த பிறகு மலேயாவிலிருந்து ஆட்கள் திரும்ப ஆரம்பித்தார்கள். திருமானூர் பக்கம் ஒருவர் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருந்தார். தோட்டத்து ஆட்களைச் சயாம் காட்டுக்கு ரயில் பாதை போட ஓட்டிக்கொண்டு போனதைச் சொன்னார். போனவர்களில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று யாருக்கும் தெரியாது என்றார்.

“இந்தப் பக்கத்து ஆளுங்க. பெரிய மீசை. கட்டம் போட்ட துண்டு கட்டுவாரு.”

“எல்லாரும் அதாங்க கட்டுவோம்” என்றார்.

அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் ஆட்கள் திரும்புகிறார்கள் என்பதே ஒரு சேதிதானே என்று எனக்குத் தோன்றியது. லீவு நாளில் பஸ் பிடித்து உடையார்பாளையம் போனேன். வெள்ளைச் சேலையில் முந்திரிக் காட்டில் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார் அந்த அம்மா. மகளும் கொஞ்சம் தள்ளிப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வளர்ந்திருந்தாள். என்னைப் பார்த்தும் பேசவில்லை.

“மலேயாவுலேர்ந்து வந்துக்கிட்டிருக்காங்கம்மா. திருமானூர்ல ஒருத்தரப் பாத்தேன்.”

அவர் கை நின்றது. “இவரப் பாத்தாராமா?”

“இல்ல. ஆனா பாக்கலங்கறதால வரமாட்டாருன்னு இல்ல. வரலாம்.”

கூடையைக் கீழே வைத்தார். மகளுக்குக் கேட்காதபடி என் பக்கம் நகர்ந்து வந்தார்.

“வர்றவங்க வரட்டும் சார். அவரு வரவேணாம்.”

“ஏம்மா?”

“வந்து எங்க போவாரு? அந்த ஊர்ல அவரு பேயி சார். நெலத்தப் பிரிச்சு எழுதியாச்சு. வாசல்ல வந்து நின்னா, கூடப் பொறந்தவரே வேப்பெலய எடுத்துக்கிட்டு வருவாரு. இங்க வந்தாலும்…” மகள் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். “எங்கையால வாய்க்கரிசி போட்டிருக்கேன். அவரு கதவத் தட்டினா நான் காலத்தான் சார் மொதல்ல பாப்பேன். பொண்டாட்டி அப்படிப் பாக்கறத அவரு பாக்கணுமா?”

பெண்ணை அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாமே என்று கேட்டேன்.

“அது கெணத்தக்கூட எட்டிப் பாக்கமாட்டேங்குது, உள்ள யாராவது தெரிஞ்சிருவாங்களோன்னு” என்றார். கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார். இரண்டடி போய்விட்டுத் திரும்பினார். “நீங்க நல்லவரு சார். ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இனிமே அங்கேர்ந்து வர்றவங்க யாருகிட்டயும் அவரப்பத்தி விசாரிக்காதீங்க.”

“சரிம்மா” என்றேன்.